இறங்காத கை

அகராதி அலுவலகத்தில் அவளை எல்லோரும் ஸ்டேஷனம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். இருபத்திரண்டு வருஷம் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தவள். வண்டி ஐம்பது நிமிஷம் தாமதமாக வரும், அதற்காக வருந்துகிறோம் என்பதை வருத்தம் ஒரு பொட்டுகூட இல்லாமல் சொல்லிச் சொல்லி, அந்தத் தொனி குரலோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. அவள் சாப்பிடக் கூப்பிட்டால்கூடப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடத் தோன்றுகிறது என்று அவளுடைய அத்தான், அதாவது அக்கா புருஷன், கேலி செய்வார். ஒருநாள் நிலையத்தில் ஓர் இயந்திரம் வந்து உட்கார்ந்து அவள் வேலையைப் பார்க்க ஆரம்பித்தது. அதற்கும் வருத்தம் என்பதே கிடையாது, கூடவே இருமலும் கிடையாது. ஸ்டேஷனம்மா பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

வீடு என்றால் அக்கா வீடு. கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை, கேட்டவர்களுக்கெல்லாம் "அந்த வண்டி ரத்தாயிடுச்சு" என்று ஒரே பதில் சொல்லி வாயை அடைத்துவிடுவாள். மாடி அறை அவளுடையது. கீழே முன்பக்கம் அத்தானின் சைக்கிள் கடை, பின்பக்கம் சமையலறையும் கூடமும். கடை வாசலில் ஒரு தண்ணீர்த் தொட்டி. பஞ்சரான டியூபை அதில் அமுக்கி, குமிழி எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பதில் அத்தானுக்கு இணை கிடையாது. மற்ற கடைக்காரர்கள் நாலு தடவை அமுக்குவார்கள். அவர் டியூபைக் காதருகே வைத்தே ஓட்டை இருக்கும் இடத்தைத் தொட்டுக் காட்டிவிடுவார். காற்று போகிற சத்தம் அவருக்கு அவ்வளவு பழக்கம்.

அக்கா ஜெர்மன் வாத்தியார். வெளிநாடு போகிற நர்சுகளுக்கும் மெக்கானிக்குகளுக்கும் முப்பது வருஷம் பாடம் எடுத்தவள். அவளுக்குத் தெரியாத ஜெர்மன் சொல் ஒன்று இருந்தால் அது ஜெர்மன்காரர்களுக்கும் தெரிந்திருக்காது என்பது அத்தானின் உறுதியான நம்பிக்கை. கட்டின பெண்டாட்டியை அவர் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். கேலியாக ஆரம்பித்தது அப்படியே நிலைத்துவிட்டது. தங்கைக்கும் ஜெர்மன் வரும், ஆனால் ஓசை மட்டும்தான். சுவருக்கு அந்தப் பக்கம் அக்கா சொல்லிப் பார்ப்பதைக் கேட்டுக் கேட்டு ஸ்டேஷனம்மா கிளிப்பிள்ளை மாதிரி அச்சு அசலாகச் சொல்லுவாள். அர்த்தம் கேட்டால் திருதிருவென்று விழிப்பாள்.

பேசும் அகராதி ஒன்று தயாரானபோது அக்காவைக் குரல் கொடுக்கக் கூப்பிட்டார்கள். ஜெர்மன் பெயர்ச்சொற்கள் மட்டும், பதினோராயிரம். சொல்லைத் தொட்டால் எழுத்துக்கூட்டல் வரும், அர்த்தம் வரும், உச்சரிப்பு காதில் விழும். அதில் அந்த உச்சரிப்புதான் அக்காவின் வேலை.

பதிவறை ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருந்தது. நடுவில் கண்ணாடி வைத்த இரண்டு அறைகள். உள்ளறையில் சுவர், கதவு, கூரை எல்லாவற்றிலும் பஞ்சு மெத்தைபோல ஒட்டியிருந்தார்கள், தரையில் கனத்த கம்பளம். அதற்குள் கைதட்டினால் தட்டின மாதிரியே இருக்காது. பேசின பேச்சு ஓரடி போவதற்குள் காலடியில் விழுந்து செத்துப்போகும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிக்காரர். நாள் முழுக்க அடுத்தவர் பேச்சைக் கேட்டுக்கொண்டே இருந்ததாலோ என்னவோ, சொந்தப் பேச்சில் மகா கஞ்சன்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஒலிக்காரர் வலது கையைத் தூக்குவார், சொல்லைச் சொல்ல வேண்டும். சொல்லி முடித்ததும் மூச்சு விடக் கூடாது, துணி சரசரக்கக் கூடாது. சொல் முழுசாக அடங்க வேண்டும் என்று அவர் மனசுக்குள் ஆறு எண்ணுவார். எண்ணி முடித்துக் கையை இறக்கினால்தான் மூச்சு விடலாம். இப்படி ஒவ்வொரு சொல்லும் மூன்று தடவை. முதல் தடவை தொண்டைக்கு, மூன்றாவது அலுப்புக்கு, நடுவில் இருப்பதுதான் அகராதிக்கு. அதிலும் கடைசி ஆறு எண்ணிக்கை மௌனத்தை வெட்டிவிடுவார்கள். அதற்கு வால் என்று பெயர்.

"அந்த ஆறு எண்ற நேரத்துல நீ என்ன நெனப்ப டீச்சர்?" என்று அத்தான் ஒருநாள் கேட்டார்.

"உங்களைத்தான் திட்டிக்கிட்டிருப்பேன். வாய் திறக்காம திட்ட வேற எங்க நேரம் கிடைக்குது?" என்றாள் அக்கா.

"அப்ப வெட்டுன வாலெல்லாம் எங்க போகுது? மொத்தமா என்னைத்தான் திட்டியிருப்பே. ஒரு நாளைக்கு நான் கேக்கணும்."

அக்கா இந்த விஷயத்தில் ரொம்பக் கறார். கை இறங்காமல் அவள் மூச்சு விட்டதாகச் சரித்திரமே இல்லை. ஒரு தடவை ஒலிக்காரருக்குப் போன் வந்து கை அப்படியே நின்றுவிட்டது. அக்கா முகம் சிவந்து, கண்ணில் தண்ணீர் முட்டி, ஆனாலும் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். "நீங்க விட்டிருக்கலாமே" என்று அவர் பதறினார். "நீங்க கையை இறக்கலையே" என்றாள்.

எல் எழுத்து வரிசையில் பாதி தாண்டும்போது அவள் நுரையீரல் காலைவாரியது. மூச்சு இழுக்கும்போது கடைசியில் மெல்லிசாக ஒரு விசில், வால்வு தேய்ந்த டியூபில் வருகிற மாதிரி. டாக்டர்கள் அதற்கு ஒரு பெயர் சொன்னார்கள், நாள்கணக்கும் சொன்னார்கள். லுஃப்ட்பும்ப என்ற சொல்லில் அவள் குரல் நின்றுபோனது. அர்த்தம் வேறொன்றுமில்லை, சைக்கிளுக்குக் காற்றடிக்கிற பம்பு. நாலு தடவை முயன்றாள். நாலு தடவையும் பாதியில் காற்று தீர்ந்துபோய், ஐந்தாவது தடவை சிரிப்பு வந்துவிட்டது.

"சைக்கிள் கடைக்காரர் பெண்டாட்டிக்குப் பம்பு வரமாட்டேங்குதே" என்று சொல்லிச் சிரித்தவள், சிரிக்கவும் காற்று போதாமல் மேஜையைப் பிடித்துக்கொண்டாள். துணைக்கு வந்திருந்த ஸ்டேஷனம்மா ஓடிப்போய்த் தாங்கினாள்.

அன்றைக்குத்தான் அந்தத் திருட்டு ஏற்பாடு நடந்தது. அக்காதான் சொன்னாள்.

"நீ சொல்லு. உன் குரலும் என் குரலும் ஒண்ணுதான், வேலை முடியட்டும். அவர்கிட்ட மூச்சு விடாதே."

"அத்தான்கிட்ட எதுக்குக்கா மறைக்கணும்?"

"ரெக்கார்டிங் போறேன்னா நல்லாத்தான் இருக்கேன்னு நம்பிக்கிட்டிருக்கார். அந்த நெனப்பு இருக்கிற வரைக்கும் இருக்கட்டும்."

ஒலிக்காரர் எழுந்துபோய் ஒரு பிரம்பு நாற்காலியைக் கொண்டுவந்து உள்ளறை மூலையில் போட்டார். எல் எழுத்தின் மிச்சமும் எம் எழுத்து முழுவதும் அப்படித்தான் நடந்தது. மைக்கின் முன்னால் ஸ்டேஷனம்மா, மூலை நாற்காலியில் அக்கா. தப்பாகச் சொன்னால் 'ச்சு' என்று நாக்கால் ஒரு சத்தம் வரும், திரும்பச் சொல்ல வேண்டும். கை உயர்ந்திருக்கும்போது அக்காவும் மூச்சைப் பிடித்துக்கொள்வாள். யாரும் அவளைக் கேட்கவில்லை, அது அவளுடைய பழக்கம். மூன்று எண்ணுவதற்குள் அந்த விசில் கசிந்துவிடும். பரவாயில்லை, வாலை வெட்டத்தானே போகிறோம் என்றார் ஒலிக்காரர்.

எம் வரிசையில் கடைசிச் சொல் ம்யூட்டொஸ், பழங்கதை என்று அர்த்தம், ஆண்பால் என்பதால் முன்னால் ஒரு டெர் வரும். நாக்கு இ சொல்ல, உதடு உ சொல்ல, இரண்டும் சேர்ந்து வரவேண்டிய ஓசை. ஸ்டேஷனம்மா இரண்டாவது தடவை சொன்னபோது நன்றாகவே வந்தது. ஒலிக்காரரின் கை மேலே இருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. நாற்காலி கிரீச்சிட்டது. திரும்பிப் பார்த்தால் அக்கா ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தாள்.

இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில் போய்விட்டாள்.

அத்தான் அழவில்லை. வந்தவர்கள் போனவர்கள் எல்லாம் கல்லு மாதிரி இருக்காரே என்று காதோடு காது பேசிக்கொண்டார்கள். பதினைந்து நாள் கழித்துக் கடையைத் திறந்தார், தொட்டியில் தண்ணீர் மாற்றினார். சாயங்காலம் நாலு மணிக்கு டீ குடிக்கும்போது மட்டும் போனை எடுத்து, அதுவரை முடிந்த அகராதியின் சோதனைப் பதிப்பைத் திறந்து எம் வரிசைக்குப் போவார். கடைசிச் சொல்லைத் தொடுவார். டெர் ம்யூட்டொஸ். போனைக் காதோடு அழுத்திக்கொண்டு மறுபடியும் தொடுவார். டெர் ம்யூட்டொஸ்.

மாடியில் உட்கார்ந்து ஸ்டேஷனம்மா தன் குரலைத் தானே கேட்டாள். செத்துப்போனவளின் கடைசி வார்த்தை என்று ஒரு மனுஷன் தினமும் தன் குரலைக் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தும் அவளால் காதைப் பொத்திக்கொள்ள மட்டும்தான் முடிந்தது. உண்மையைச் சொல்லிவிடலாம். சொன்னால் அவருக்கு மிச்சமிருக்கிற அந்த ஒரு சொல்லும் போய்விடும். பெண்டாட்டியை இரண்டாவது தடவை சாகக் கொடுக்கிற காரியம் அது. அதைத் தன் கையால் செய்ய அவளுக்கு மனசு வரவில்லை.

இதற்கிடையில் அகராதி மேலாளர் கூப்பிட்டு அனுப்பினார். "உங்க குரல் உங்க அக்கா குரல் மாதிரியே இருக்கே! 'என்' எழுத்து வரிசையிலேர்ந்து நீங்களே பண்ணிடுங்களேன்" என்று புதுசாகக் கண்டுபிடித்தவர்போலச் சொன்னார். ஸ்டேஷனம்மா தலையை ஆட்டினாள்.

சொற்பட்டியல் அக்காவுடையதுதான். ஓரங்களில் பென்சில் குறிப்புகள். நாஃஹல் என்ற சொல்லுக்குக் கீழே மட்டும் இரண்டு கோடு இழுத்து, "இது எனக்கு, நீ சொல்லாதே" என்று எழுதியிருந்தாள்.

அந்தச் சொல்லைப் பற்றி அக்கா ஒரு தடவை சொல்லியிருக்கிறாள். எழுத்துக்கூட்டினால் என், ஆ, ட்ஸே, ஹா, ஹா, ஆ, எல், எல். நடுவில் யாரோ இரண்டு தடவை சிரித்துவிட்டுப் போன மாதிரி இருக்கும். முதல் ஹா முன்னால் நிற்கும் எழுத்தோடு சேர்ந்து தொண்டையில் உரசும், நம் ஆய்த எழுத்தைச் சரியாகச் சொன்னால் வருகிற உரசல் அது. இரண்டாவது ஹா வெறும் மூச்சு. 'நா' நீளம், 'ஹல்' குட்டை. ஆண்பால். அகராதிக்காரர்கள் அதற்கு எதிரொலி என்று அர்த்தம் போட்டிருந்தார்கள். அக்கா அதை அடித்துவிட்டாள். "எதிரொலின்னா போய்ட்டுத் திரும்பி வர்றது. இது போகவே இல்லை. சத்தம் போட்டவன் நிறுத்தின பிறகும் அந்த ரூம்லயே நிக்குது" என்றாள். பாட்டுக்காரர்கள் கார்வை என்பார்கள், ஆனால் கார்வை பாடுகிறவர் பிடித்து நிறுத்துவது. இது யாரும் பிடிக்காமல் நிற்பது. கடைசியில் 'ஒலி நின்ற பின் நிற்பது' என்று அவளே எழுதிவைத்தாள்.

செத்தவள் எழுதிவைத்தாள் என்பதற்காகப் பட்டியலில் ஒரு சொல்லை விட முடியுமா? முறை வந்தபோது ஸ்டேஷனம்மா மைக்கின் முன்னால் உட்கார்ந்தாள். மூலையில் பிரம்பு நாற்காலி அப்படியே கிடந்தது. ஒலிக்காரர் கையைத் தூக்கினார்.

"டெர் நாஃஹல்."

ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து, ஆறு. கை இறங்கவில்லை. எட்டு. பத்து. ஸ்டேஷனம்மாவின் காது அடைத்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிக்காரர் அவளைப் பார்க்கவில்லை, கீழே எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். பதினாறாவதில் அவளுக்கு மூச்சு தானாகவே வெடித்து வந்தது.

"என்ன சார், கொல்லப் பாக்கிறீங்களா? கையை இறக்க வேண்டியதுதானே?"

"அடங்கலை" என்றார்.

"எது அடங்கலை?"

"ஊசி."

சத்தத்தின் அளவைக் காட்டும் ஊசியைச் சொல்கிறார். உள்ளறையில் சொல் நின்றதும் அது விழுந்து பூஜ்யத்தில் படுத்துக்கொள்ளும். இப்போது பூஜ்யத்துக்குக் கொஞ்சம் மேலே மயிரிழையாக நடுங்கிக்கொண்டு நிற்கிறது. குளிர்சாதனத்தை நிறுத்தினார்கள். விளக்குகளை அணைத்தார்கள். லிஃப்ட் ஓடவில்லை என்று எட்டிப்பார்த்தார்கள். ஒலிக்காரர் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி வெளியே வைத்தார். பிரம்பு நாற்காலியைத் தூக்கி வராந்தாவில் போட்டார்கள். திரும்பச் சொன்னாள், திரும்பவும் ஊசி நின்றது. பட்டியலில் அடுத்த சொல்லைச் சொல்லிப் பார்த்தாள். சமர்த்தாக விழுந்து படுத்தது. முந்தின சொல்லும் அப்படியே. இந்தச் சொல்லுக்கு மட்டும்தான் இந்தக் கூத்து.

"அந்த ஹெட்போனைக் குடுங்க. என்ன கேக்குதுன்னு நானும் பாக்கிறேன்."

ஒலிக்காரர் ஹெட்போனைக் கழற்றவில்லை. அவர் முகம் வெளிறியிருந்தது. "இன்னிக்கு வேணாம். இதை விட்டுட்டு மேல போவோம்" என்றார். நாற்காலியை அவரே எடுத்துவந்து பழையபடி மூலையில் போட்டார்.

மனசு கேட்கவில்லை அவளுக்கு. மறுநாள் பகலில் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, காலித் தண்ணீர் டிரம்முக்குள் தலையை விட்டு அந்தச் சொல்லைச் சொன்னாள். டிரம் ரீங்கென்று முழங்கிவிட்டு நின்றது. நின்ற பிறகு தலையைத் தூக்கினாள். குழாய் சொட்டவில்லை. கடையில் அத்தானின் சுத்தியல் சத்தமும் இல்லை. கொஞ்சநேரம் கழித்துத்தான் உறைத்தது, தான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம் என்று. யாரோ கையை இறக்குவார்கள் என்று காத்துக்கொண்டு நின்றிருக்கிறாள். அதைவிட மோசம், அந்தச் சமையலறையில் அப்படிக் காத்துக்கொண்டிருப்பது தான் மட்டும் இல்லை என்று அவளுக்குப் பட்டது. கதவைத் திறந்துகொண்டு கடைக்கே ஓடிவிட்டாள்.

"என்னம்மா, வண்டி பிளாட்பாரம் மாறிடுச்சா?" என்றார் அத்தான்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

இரண்டு மாசத்தில் மற்ற சொற்கள் எல்லாம் முடிந்தன. நடுநடுவே எத்தனையோ தடவை எடுத்துப் பார்த்தும் நாஃஹல் மட்டும் பாக்கி. அகராதி முழுசாக வெளியானதும் வெட்டாத பதிவுகளையெல்லாம் அழித்துவிடுவார்கள், அதுதான் அலுவலக வழக்கம். ஒருநாள் சாயங்காலம் பேச்சுவாக்கில் அதை அத்தானிடம் சொல்லித் தொலைத்தாள். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அத்தான் டீ தம்ளரைக் கீழே வைத்தார். "அப்ப அந்தக் கடைசிச் சொல்லு? அதோட வாலும் போயிடுமா?"

"அதுல ஒண்ணும் இருக்காது அத்தான். வெறும் சத்தமில்லாத நேரம்."

"எனக்கு அது வேணும். நாளைக்கு உன்கூட வரேன்."

அந்தப் பதிவைப் போட்டால் எல்லாம் வெளிச்சத்துக்கு வந்துவிடும். சொல்லுக்கு முன்னாலும் பின்னாலும் பேசின பேச்சு அதில் இருக்கிறது. 'ச்சு, உதட்டைக் குவிச்சுச் சொல்லுடி' என்று அக்கா சொல்வதும், 'சரிக்கா' என்று இவள் சொல்வதும், அதே குரலில் அந்தச் சொல் வருவதும். ஏதாவது சாக்குச் சொல்லித் தட்டிக்கழிக்கலாமா என்று மறுநாள் பஸ்ஸில் வழிநெடுக யோசித்தாள். அத்தான் கடையைப் பூட்டிவிட்டு, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, ஆஸ்பத்திரிக்குப் போகிறவர் மாதிரி பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நாற்பது வருஷக் கிரீஸ் அவர் நகக்கண்ணில் இருந்தது. அதைப் பார்த்த பிறகு அவளுக்குச் சாக்கு எதுவும் தோன்றவில்லை.

ஒலிக்காரர் கதவைத் திறந்தார். அத்தானைப் பார்த்ததும் எழுந்து நின்றார். விஷயத்தைக் கேட்டுவிட்டு ஸ்டேஷனம்மாவைப் பார்த்தார். போடட்டுமா என்று கண்ணாலேயே கேட்டார்.

"இருங்க சார்" என்றாள். "அத்தான், ஒண்ணு சொல்லணும். கேட்டுட்டு என்னை என்ன வேணும்னாலும் திட்டுங்க. அந்தக் குரல் அக்கா குரல் இல்லை. பம்புக்கு அப்புறம் எல்லாமே நான்தான் சொன்னேன். அக்காதான் சொல்ல வேணாம்னாங்க. நீங்க தினம் கேக்கிறது என்னைத்தான்."

சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தாள்.

"தெரியும்" என்றார் அத்தான்.

அவள் நிமிர்ந்தாள்.

"முப்பத்தோரு வருஷம் குடும்பம் நடத்தியிருக்கேன். அவ குரல் எது, ரயில் வருதுன்னு சொல்ற குரல் எதுன்னு எனக்குத் தெரியாதா?"

"அப்புறம் எதுக்கு அத்தான் தினம் போட்டுப் போட்டுக் கேட்டீங்க?"

"நீ சொல்லி முடிக்கிற எடத்துல வெட்டியிருக்காங்க பாரு, அங்க ஒரு நூல் அளவு மிச்சம் இருக்கு. வால்வு தேஞ்ச டியூபு மாதிரி. அது நீ இல்லை." அவர் தன் காதைத் தொட்டுக் காட்டினார். "காத்து எங்கேர்ந்து போகுதுன்னு கண்டுபிடிக்கிறதுதானேம்மா என் தொழில். அவ அந்த ரூம்ல இருந்திருக்கா. அது போதும் எனக்கு. மிச்சத்தையும் கேக்கணும், அவ்வளவுதான்."

ஸ்டேஷனம்மா சுவரில் சாய்ந்துகொண்டாள். இத்தனை மாசம் அவள் காப்பாற்றி வைத்திருந்த ரகசியம் அவர் கையிலேயே இருந்திருக்கிறது.

ஒலிக்காரர் பதிவைப் போட்டார். அக்காவின் ச்சு. சரிக்கா. டெர் ம்யூட்டொஸ். பிறகு மௌனம். அத்தான் விரல்விட்டு எண்ணினார். முதல் விரலிலேயே நூலாகத் தொடங்கி, மூன்றாவது விரலில் நன்றாகவே அந்த விசில் கசிந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். நாலாவது விரல். நாற்காலி கிரீச்சிட்டது. ஓடுகிற காலடி, 'அக்கா, அக்கா' என்று ஸ்டேஷனம்மாவின் அலறல். ஒலிக்காரர் நிறுத்தினார்.

"ஆறு எண்ணுவீங்கல்ல? இது நாலுதான் இருக்கு" என்றார் அத்தான்.

"அப்பதான் சாஞ்சாங்க."

"அப்ப கையை இறக்கினீங்களா?"

ஒலிக்காரர் தன் வலது கையையே பார்த்தார்.

"இல்லை. தூக்கின கையோடயே உள்ள ஓடினேன்."

"அவ பாத்துக்கிட்டிருந்தாளா?"

"கண்ணாடி வழியா என் கையைத்தான் பாத்துக்கிட்டிருந்தாங்க."

பிறகு ஒலிக்காரர், அந்த வருஷம் பூராவும் பேசாத பேச்சை ஒரே மூச்சில் பேசினார். ஒரு சொல் மட்டும் அடங்கவே மாட்டேன் என்கிறது, பதினெட்டு தடவை எடுத்தாயிற்று, பதினெட்டு தடவையும் சொல்லுக்கு அப்புறம் இன்னொரு மூச்சு இருக்கிறது, விட்டுவிடாமல் பிடித்துக்கொண்டிருக்கிற மூச்சு, நடுநடுவே கசிகிறது, ஸ்டேஷனம்மா பயப்படுவார்கள் என்று கேட்கவிடவில்லை, தானும் தனியாக இருக்கும்போது கேட்பதில்லை. சொல்லிக்கொண்டே கடைசியாக எடுத்த பதிவைப் போட்டார்.

டெர் நாஃஹல். மௌனம். அதற்குள் அந்த விசில்.

"இது என்னிக்கு எடுத்தது?" என்றார் அத்தான்.

"போன வாரம்."

அக்கா போய் எட்டு மாசம் ஆகியிருந்தது. ஸ்டேஷனம்மா கதவுப் பக்கமாக நகர்ந்தாள். அத்தான் மட்டும் பயப்படவில்லை. காதைச் சாய்த்து, டியூபைக் கேட்கிற மாதிரி கேட்டுக்கொண்டிருந்தார். கேட்கக் கேட்க அவர் முகம் கோணியது.

"பாவி, இன்னும் பிடிச்சுக்கிட்டு ஒக்காந்திருக்காளே" என்றார். "வாம்மா, இன்னொரு தடவை சொல்லு. நானும் உள்ள வரேன்."

உள்ளே போனார்கள். அத்தான் பிரம்பு நாற்காலியில் உட்காரவில்லை. அதன் பக்கத்தில் கம்பளத்தில் உட்கார்ந்து நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். ஸ்டேஷனம்மா மைக்கின் முன்னால் உட்கார்ந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை உயர்ந்தது.

"டெர் நாஃஹல்."

ஒன்று, இரண்டு, மூன்று. முதுகுக்குப் பின்னால், மூலையில், மெல்லிசாக விசில் கேட்டது. இப்போது அவளுக்கே கேட்டது. அத்தான் மூச்சு இல்லை அது. நாலு, ஐந்து, ஆறு. ஒலிக்காரர் கையை நகர்த்தி, அவளுக்கு நேராக இல்லாமல் மூலை நாற்காலிக்கு நேராகப் பிடித்தார். பிறகு மெதுவாக, நன்றாகத் தெரிகிற மாதிரி, கீழே இறக்கினார்.

பதிவு ஓடிக்கொண்டிருக்கும்போது யாரும் பேசக் கூடாது. அத்தான் பேசினார்.

"போதும் டீச்சர். கை இறங்கிடுச்சு பாரு. மூச்ச விடு."

பிரம்பு லேசாக முனகியது, எடை எழுந்தால் முனகுமே அப்படி. நீளமாக ஒரு மூச்சு வெளியே போனது. விசில் இல்லாத மூச்சு. அது தன்னுடையதுதானோ என்று ஸ்டேஷனம்மா பிற்பாடு எத்தனையோ தடவை யோசித்திருக்கிறாள். ஊசி விழுந்து பூஜ்யத்தில் படுத்ததை ஒலிக்காரர் பார்த்தார்.

வழக்கப்படி மேலும் இரண்டு தடவை எடுத்தார்கள். இரண்டும் ஆறாவது எண்ணிக்கையில் அடங்கின. ஒலிக்காரர் பழைய வால்களையெல்லாம் ஒரு சின்ன பென்டிரைவில் ஏற்றி அத்தானிடம் நீட்டினார். அத்தான் வாங்கவில்லை.

"வேணாம் சார். பிடிச்சு வச்சது போதும். அழிச்சிடுங்க."

வீட்டுக்கு வந்து ஸ்டேஷனம்மா டீ போட்டாள். மணி நாலு. அத்தான் போனை எடுக்கவில்லை. சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"அந்தச் சொல்லை ஒரு தடவை சொல்லேன்."

சொன்னாள். இருவரும் காத்திருந்தார்கள். குழாய் ஒரு சொட்டு விட்டது. தெருவில் யாரோ மணியடித்துக்கொண்டு சைக்கிளில் போனார்கள். சமையலறையில் ஒன்றுமே நிற்கவில்லை.

அப்போதுதான் அத்தான் அழுதார். நிலைப்படியிலேயே உட்கார்ந்து, முகத்தைத் துண்டால் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்க அழுதார். ஸ்டேஷனம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.